எம்புட்டு அரிசி என்று கேட்ட சனிக்கிழமை

வகுப்பில் நான் கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு நோட்டு முடிந்து இரண்டாவது நோட்டில் பாதி ஓடியிருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஐந்து கட்டங்கள்: கிழமை, மணி, கேள்வி, யாரிடம் கேட்டேன், பதில் வரும்வரை எத்தனை நொடி காத்திருந்தேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்த கை இது. கட்டம் போடாமல் எதையும் எழுத வராது. தேதிகளும் நோட்டில் உண்டு. ஆனால் இங்கே கிழமையையும் மாதத்தையும் மட்டும் தருகிறேன். தேதியைக் கொடுத்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த ஆளுக்கு என்னால் நேர்ந்தது போதும்.

ஓய்வு பெற்ற மறு வருடம் எங்கள் மிஷன் பள்ளியின் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறி, அப்படியே குடும்பத்துக்கும் வேலைக்கும் போய்விட்ட பெரியவர்கள் தனித்தேர்வராக மறுபடி எழுதுவதற்கு ஒரு வகுப்பு வைக்கலாம், எடுக்கிறீர்களா என்றார். சனிக்கிழமை மூன்று மணி முதல் ஐந்து மணி வரை, பழைய நூலக அறையில். எனக்குக் கணக்கு வரும். கற்பிக்க வராது. கல்லூரியில் படித்த கணக்கை வருகைப் பதிவேடுகளில் கூட்டிக் கூட்டியே செலவழித்தவள் நான். அதனால் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் இரண்டு மாதம் உட்கார்ந்து, பெரியவர்களுக்குக் கற்பிப்பது பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்தேன். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கடைசியில் கேள்வியில்தான் வந்து நின்றது. சொல்லிக் கொடுக்காதே, கேள். கேட்டால் காத்திரு. அவர்களுக்குத் தெரிந்ததிலிருந்து கேள். பேசாமல் இருப்பவரை விட்டுவிடாதே. இந்த நான்கையும் ஓர் அட்டையில் எழுதி நோட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டேன்.

ஆவணி முதல் சனிக்கிழமை பதினைந்து பேர் வந்தார்கள். வகுப்பு முடிவில் எல்லா ஆசிரியர்களும் கேட்பதை நானும் கேட்டேன்.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

முன் பெஞ்சிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் எழுந்து நின்றார். நாற்பத்து நான்கு வயது. மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். இரண்டு பேரும் ஒரே வருடம் தேர்வு எழுதுவது, யாருக்கு மதிப்பெண் கூட என்று பார்ப்பது என்று வீட்டில் பந்தயம் கட்டிவிட்டு வந்தவர்.

"என்ன டீச்சர் இப்பிடிக் கேட்டுப்புட்டீக? உங்க மேல போய்ச் சந்தேகப்படுவமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது முழுக்க வேடிக்கை இல்லை என்று அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் தெரிந்தது. சொல்லிக் கொடுக்கிறவரிடம் சந்தேகம் கேட்பது, சொன்னவர் சரியாகச் சொல்லவில்லை என்று எழுந்து நின்று சொல்வது போல அவர்களுக்கு. "புரிஞ்சுதா?" என்று மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். "நல்லாப் புரிஞ்சுது டீச்சர்" என்று பதினைந்து பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அது பதில் இல்லை, மரியாதை. அந்த இரண்டு கேள்விகளையும் நோட்டில் சிவப்பு மையால் அடித்தேன்.

அதற்குப் பிறகு அட்டையில் மூன்றாவதாக எழுதியிருந்ததைப் பிடித்துக்கொண்டேன். அவர்களுக்குத் தெரிந்ததிலிருந்து கேட்பது.

புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை விகிதம். இரண்டாவது பெஞ்சில் அவனியாபுரத்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஓர் அம்மா உட்கார்வார். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயது இருக்கும். படித்த காலத்தில் மூன்று மதிப்பெண்ணில் கணக்கு போனது. வேலைக்காகவோ பதவிக்காகவோ அவர் வரவில்லை. போன மூன்று மதிப்பெண்ணை மீட்க வந்தேன் என்று முதல் நாளே சொன்னவர். அவரிடம், "மாவுக்கு அரிசி எம்புட்டு, உளுந்து எம்புட்டு?" என்று கேட்டேன்.

"நாலுக்கு ஒண்ணு," என்றார் பட்டென்று.

"அப்ப இருபது கிலோ அரைக்கணும்னா?"

"பதினாறு அரிசி, நாலு உளுந்து. இதுல என்ன டீச்சர் இருக்கு, தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

"இதுதான் விகிதம்."

அவர் திரும்பி எல்லாரையும் பார்த்தார். "இம்புட்டுத்தானா? இதுக்கா அன்னைக்கு என்னய ஃபெயிலாக்குனாக?"

ஆட்டோக்காரர், "உங்க மாவுல உளுந்து நாலுக்கு ஒண்ணா இருக்கு? ஆறுக்கு ஒண்ணு மாதிரில்ல தெரியுது," என்றார். "ஓசியில வாங்கித் திங்கிறவனுக்கு அப்பிடித்தான் தெரியும்," என்று மாவுக்கடை அம்மா திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு அந்த அறை ஒரு கல்யாண வீடு போல இருந்தது. காத்திருந்த நொடி என்ற கட்டத்தில் 0 என்று எழுதி அடிக்கோடிட்டேன். வழி கிடைத்துவிட்டது என்று நம்பினேன்.

இனி பதினாறாவது ஆள். அவர் ஆவணி மூன்றாவது வாரம் வந்து சேர்ந்தவர். திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் சத்துணவு உதவியாளர். அரிசி களைவது, காய் நறுக்குவது, கிண்டுவது, பாத்திரம் கழுவுவது அவர் வேலை. அவருக்கு மேலே அமைப்பாளர் என்று ஒருவர் உண்டு. பொருளை வாங்கி, அளந்து கொடுத்து, கையெழுத்துப் போடுகிறவர். வகுப்பில் எல்லாரும் அவரைச் சத்துணவு அக்கா என்பார்கள். பேருந்து நேரத்தால் இரண்டேகாலுக்கே வந்துவிடுவார். நானும் முன்னதாகவே போவேன். அவர் பெஞ்சு துடைப்பார், நான் பலகை துடைப்பேன். அப்படி ஒரு நாள் சொன்னார்.

"எங்களுக்குப் பக்கத்து ஊர் அமைப்பாளர் அடுத்த வருசம் ரிட்டையர் ஆகுறாக டீச்சர். பத்தாவது பாஸ் பண்ணியிருந்தா நானும் எழுதிப் போடலாமாம். எனக்கு ஆடியோட வயசு முடியுது. அதுக்கு மேல வாங்கமாட்டாகளாம்."

"அப்ப இந்தப் பங்குனியில எழுதிடணும்."

"இந்த ஒரு தடவைதான் டீச்சர். இதுல போச்சுன்னா போச்சு." கையில் இருந்த துணியை மடித்து மடித்துச் சிறிதாக்கினார். "சம்பளத்துக்காக மட்டும் இல்ல. பதினோரு வருசமா நின்னுக்கிட்டே இருக்கேன். ஒரு நாளாச்சும் நாற்காலியில உக்காந்து கையெழுத்துப் போடணும்."

அவருக்குக் கணக்கு வராமல் இல்லை. வீட்டுப்பாடம் கொடுத்தால் சுத்தமாகச் செய்து வருவார். ஆனால் வகுப்பில் வாயைத் திறக்கமாட்டார். ஐப்பசி பிறந்தபோது நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நாற்பத்தேழு கேள்விகள் கேட்டிருந்தேன். அவர் எதிலும் இல்லை. மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, மாவுக்கடை அம்மா பேசும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார். கூச்சம் என்று குறித்து வைத்தேன். அவர்கள் இருவரும் வரும்போது ஒரு புன்னகை, போகும்போது ஒரு புன்னகை, அதற்கு மேல் ஒன்றும் பேசிக்கொள்ளாததையும் கூச்சத்தின் கணக்கிலேயே சேர்த்தேன்.

பேசாமல் இருப்பவரை விட்டுவிடாதே என்று அட்டை சொன்னது. அவருக்காக ஒரு கேள்வியை ஒரு வாரம் யோசித்துத் தயார் செய்தேன். பிறந்தநாளுக்குப் பலகாரம் செய்வது போலத்தான் செய்தேன், பொய்யில்லை.

ஐப்பசி மூன்றாவது சனிக்கிழமை. மழை விட்டிருந்தது. மணி மூன்று ஐம்பது. பாடம் நேர்விகிதம். அது பத்தாம் வகுப்புப் பாடம் இல்லை, ஆனால் அது ஆடினால் மேலே எதுவும் நிற்காது.

"சத்துணவு அக்கா, உங்க பள்ளிக்கூடத்துல எத்தனை பிள்ளைக?"

"நூத்தியிருபது டீச்சர்."

"நூத்தியிருபது பிள்ளைகளுக்கு எம்புட்டு அரிசி போடுவீங்க?"

அவர் எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். பதினோரு நொடிகள். குறுக்கே பேசிக் கெடுத்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதுகூட நினைவிருக்கிறது.

"பத்துக் கிலோ டீச்சர்."

பேசிவிட்டார் என்ற சந்தோஷத்தில் அதைப் பெரிதாகப் பலகையில் எழுதினேன். "அப்ப ஒரு பிள்ளைக்கு?" என்று வகுப்பைப் பார்த்தேன். மாவுக்கடை அம்மா விரலில் வைத்துக் கணக்குப் போட்டார்.

"எண்பத்து மூணு கிராமும் சொச்சமும் வருது." பிறகு புருவத்தைச் சுருக்கினார். "ஆனா சின்னப் பிள்ளைக்கு நூறு கிராம்னு பள்ளிக்கூடத்துச் செவுத்துலயே எழுதிப் போட்டிருப்பாகளே டீச்சர். அப்பப் பன்னெண்டு கிலோல்ல வரணும்?"

"அருமை!" என்றேன்.

அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். யாரும் சொல்லித் தராமல், தனக்குத் தெரிந்த ஒன்றை எடுத்து வந்து இன்னொன்றோடு ஒப்பிட்டு ஒருவர் கேள்வி எழுப்புகிறார். புத்தகங்கள் எல்லாம் எதற்காக எழுதப்பட்டனவோ அது என் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. அந்த வேகத்தில் அடுத்த கேள்வியையும் கேட்டேன்.

"பன்னெண்டுல பத்துப் போனா மிச்சம் எம்புட்டு?"

"ரெண்டு கிலோ!"

பதினைந்து பேரும் சேர்ந்து சொன்னார்கள். அந்த வகுப்பில் மொத்தப் பேரும் ஒரு கணக்குக்கு ஒரே குரலில் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தக் குரல் அடங்குவதற்குள் ஆட்டோக்காரர் தொடையைத் தட்டினார்.

"அடடே! அதானே பாத்தேன், மாவுக்கடை அக்கா மாவு ஏன் அம்புட்டு வெள்ளையா இருக்குன்னு! சம்பந்தி வீட்டு அரிசியில்ல வருது!"

சிரிப்பு அலையாக எழுந்தது. எனக்கு மட்டும் ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சத்துணவு அக்காவின் மகளை மாவுக்கடை அம்மாவின் மகனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். போன வருடம்தான் கல்யாணம். அவனியாபுரத்துக்காரர்களுக்கு எல்லாம் தெரியும். எனக்குத் தெரியாது. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். பெண் கொடுத்தவள், பெண் எடுத்தவள் முன்னால் எப்படி உட்கார்வாள், எதற்குப் பேசுவாள், எதற்குப் பேசமாட்டாள் என்பதெல்லாம் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மாவுக்கடை அம்மா சிரிக்கவில்லை. "வாய அடக்கிப் பேசு. என் கடைக்குக் காசு குடுத்து வாங்குறேன் இட்லி அரிசி. பில்லு இருக்கு வந்து பாரு," என்றார். அதோடு நின்றிருக்கலாம். மூன்றாவது பெஞ்சின் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க சம்பந்தி. உங்க பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு பிடி அரிசி என் வீட்டுக்கு வந்திருக்கா? நீங்களே சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

சத்துணவு அக்கா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். நான் அவரை உட்காரச் சொல்லியிருக்கவில்லை.

"இல்ல சம்பந்தி," என்றார்.

அந்தப் பதிலால் மாவுக்கடை தப்பித்தது. இரண்டு கிலோ அரிசி மூன்றாவது பெஞ்சிலேயே கிடந்தது. நான் என்ன செய்தேன்? "சரி சரி, விளையாட்டு போதும்" என்று பலகையை அழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன். அன்று மாலை நோட்டில் எழுதியது இது: "விடை சரி. பங்கேற்பு முழு வகுப்பு." பக்கத்தில் இரண்டு டிக். இப்போதும் இருக்கிறது. அழிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார். மூன்று மணிக்கு மேல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், ஐந்துக்கு முன்பே எழுந்து போனார். அதற்கடுத்த சனிக்கிழமை வரவில்லை. கார்த்திகை முழுக்க வரவில்லை. ஃபோன் செய்தால், "வாரேன் டீச்சர், வாரேன்" என்பார். எங்கள் பக்கத்தில் வாரேன் என்றால் வருகிறேன் என்றும் பொருள், போகிறேன் என்றும் பொருள். இரண்டாவது பொருளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடந்தது என்ன என்று மார்கழியில் ஆட்டோக்காரர்தான் சொன்னார். வகுப்பு முடிந்த பிறகு தனியாக நின்றார். எப்போதும் போல் பேச்சில் துள்ளல் இல்லை.

"நான் வெளாட்டுக்குச் சொன்னது டீச்சர். அன்னைக்கு வண்டியில போறப்ப நம்ம ஆளுக அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சாக. பரங்குன்றம் போற வண்டி. உள்ள யார் யாரு உக்காந்திருந்தாகன்னு எனக்கென்ன தெரியும்? நாலே நாள்ல அக்காவோட அமைப்பாளர் அம்மா காதுக்குப் போயிருச்சு."

"என்ன சொன்னாங்களாம்?"

"டியூசன்ல போய் அரிசிக் கணக்கு ஒப்பிச்சியாமேன்னு கேட்டாகளாம். அவுகளுக்கு மேல இருக்கவுகளுக்கும் போயிருக்கும்போல. பொங்கல் கழிச்சு அக்காவ வாடிப்பட்டிப் பக்கம் மாத்தப்போறாக."

"மாவுக்கடை அம்மா ஒண்ணும் பேசலையா?"

"அவுககிட்ட நீங்களே கேளுங்க டீச்சர். எனக்கு வாயத் தொறக்கவே பயமா இருக்கு."

கேட்டேன். மாவுக்கடை அம்மா ஒரு வகுப்பும் தவறாமல் வந்துகொண்டிருந்தார். "எங்க வீட்டுக்கு வந்த பிள்ளைய நான் ஒரு சொல்லு சொல்லல டீச்சர், கோயில்ல சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணுவேன்," என்றார். "ஆனா பொங்கலுக்கு அவுக ஆத்தா வீட்டுக்குப் போகவேணாம்னு சொல்லிப்புட்டேன். அவுக சீர் கொண்டாந்தாலும் வாங்கவேணாம்னுட்டேன். என்ன அரிசியில பொங்குனதுன்னு நாலு பேரு கேட்டா என் மகனுக்குத்தான அசிங்கம்?"

அவர் கெட்டவர் இல்லை. பேச்சுக்குப் பயந்தவர். கணக்கைத் தொடங்கி வைத்தவள் நான்.

மாசி இரண்டாவது ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் பேருந்து பிடித்து அவருடைய ஊருக்குப் போனேன். அவருடைய தேர்வு விண்ணப்பத் தாள் என்னிடம் இருந்தது. அதைக் கொடுக்கும் சாக்கு. சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. வாரம் முழுவதற்குமான துணி துவைத்து உள்ளேயே காயப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி, துணிகளை ஒதுக்கி நாற்காலி போட்டார். அந்த வீட்டில் அது ஒன்றுதான் நாற்காலி. நான் உட்கார, அவர் நின்றார். உட்காருங்கள் என்று இரண்டு தடவை சொன்ன பிறகு தரையில் உட்கார்ந்தார்.

விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்புகிறாராம். மதுரைக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து வாடிப்பட்டிப் பக்கம் ஒன்று. திரும்பி வர சாயங்காலம் ஐந்தாகிவிடும். காப்பி போட்டுக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்கக் கூச்சப்பட்டு அவர் டம்ளரைத் துடைக்க ஆரம்பித்தார். கடைசியில், வந்த வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்ததைக் கேட்டேன்.

"நூறு கிராம் கணக்கு உங்களுக்குத் தெரியும்தானே? பன்னெண்டு கிலோன்னு சொல்லியிருக்கலாமே. ஏன் பத்துன்னு சொன்னீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"நீங்க எம்புட்டுப் போடணும்னு கேட்டிருந்தா பன்னெண்டுன்னுதான் டீச்சர் சொல்லியிருப்பேன். எம்புட்டுப் போடுவீகன்னு கேட்டீக. நான் போடுறது பத்துதான். டீச்சர் கேக்கிறப்பப் பொய் சொல்லவா?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நூத்தியிருபது பேரு பதிவேட்டுல. வாரது நூறு, நூத்தியஞ்சு. அதுல ஒண்ணாப்புப் பிள்ளைக ரெண்டு வாய்க்கு மேல திங்காது. பன்னெண்டு போட்டா தொட்டிக்குத்தான் போகும். அமைப்பாளர் அம்மா அளந்து குடுக்கிறாக, நான் பொங்குறேன். மிச்சம் மூட்டையில இருக்கா, என்ன ஆகுதுன்னு நான் கேட்டதில்ல. கேக்குற எடத்துல நான் இல்ல."

"இதை அன்னைக்கே வகுப்புல சொல்லியிருந்தா எல்லாருக்கும் புரிஞ்சிருக்குமே."

"எப்பிடிச் சொல்றது? அளந்து குடுக்கிறது அவுகன்னு சொன்னா அவுகளக் காட்டிக் குடுத்தது மாதிரி ஆகும். நான் மேல போகணும்னா அவுகளும் நல்ல வார்த்தை சொல்லணும்ல. பிள்ளைக வாரதில்லன்னு சொன்னா வாத்தியாருக்குப் பொல்லாப்பு. சம்பந்தி வேற திரும்பிப் பாத்துக்கிட்டு இருக்காக. யார இழுத்தாலும் எனக்குத்தான் ஆகாது. அதான் நின்னேன்."

பதினோரு நொடிகள். அவர் யோசிக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். ஆமாம், யோசித்திருக்கிறார். நான் கொடுத்த கணக்கை அவர் நின்ற இடத்திலேயே போட்டு முடித்துவிட்டு, அதற்கு மேலே இந்த வேறு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இங்கேயே வந்து சொல்லித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். டீச்சர் எதற்கு வருகிறாள் என்று ஊர் கேட்கும். அமைப்பாளரைப் பார்த்து நடந்ததைச் சொல்கிறேன் என்றேன்.

"நீங்க போய் என்ன டீச்சர் கேப்பீக?"

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்துதான் கேட்டார்.

கிளம்பும்போது விண்ணப்பத் தாளை இரண்டு கையாலும் வாங்கி, அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தார். தேர்வுக்கு வருவீங்கதானே என்றேன். லீவு கேட்டிருக்கேன், பாப்போம் டீச்சர் என்றார். பேருந்து நிறுத்தம்வரை கூடவே வந்து, பேருந்து வரும்வரை நின்றார்.

பங்குனியில் கணக்குத் தேர்வு ஒரு புதன்கிழமை வந்தது. எட்டரை மணிக்கே தேர்வு மையத்தின் வாசலில் நின்றேன். எங்கள் வகுப்பில் பதினோரு பேர் மிஞ்சியிருந்தார்கள். மாவுக்கடை அம்மா பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார். நெற்றியில் விபூதி, கையில் மூன்று பேனா. ஆட்டோக்காரரைக் காணவில்லை. எட்டு மணிக்கே அவர் சத்துணவு அக்காவைக் கூட்டி வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். நான் சொல்லவில்லை. அவராகப் போனார்.

ஒன்பது ஐம்பதுக்கு வண்டி வந்தது. பின்னால் யாரும் இல்லை.

"வீடு பூட்டியிருக்கு டீச்சர். இவுக புதுசா வந்தவுக, லீவு குடுக்க முடியாதுன்னுட்டாகளாம். பக்கத்து வீட்டுல சொன்னாக. வாடிப்பட்டிக்கே விட்டுருப்பேன், நேரம் பத்தல." வியர்வையைத் துடைத்தார். "நான் உள்ள போகவா வேணாமா?"

"போங்க, போங்க," என்று தள்ளிவிட்டேன். வாசலில் பேனா இல்லை என்று திரும்பினார். என் பேனாவைக் கொடுத்தேன். கதவை மூடினார்கள்.

வைகாசியில் முடிவு வந்தது. பதினோரு பேரில் ஆறு பேர் தேறினார்கள். மாவுக்கடை அம்மா அறுபத்திரண்டு மதிப்பெண். லட்டு கொண்டுவந்து கொடுத்தார். அதில் பாதியை வாங்கிக்கொண்டேன். ஆட்டோக்காரர் தேறவில்லை. மகன் தேறினான். சத்துணவு அக்காவின் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். வருகை இல்லை என்று இருந்தது. வேறு ஏதாவது இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனாலும் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

தாளாளர் புதிய வகுப்பைப் பற்றிப் பேசினார். ஆறு பேர் தேறியது நல்ல தொடக்கம் என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். புத்தகங்களில் மறுபடியும் தேடிப் பார்த்தேன். கேள்வியை எப்படிக் கேட்பது, எவ்வளவு காத்திருப்பது, பதிலை எப்படிப் பாராட்டுவது, எல்லாம் இருக்கிறது. பதில் சொல்பவர் அந்த அறையை விட்டு வெளியே போன பிறகு அந்தப் பதிலோடு எங்கே வாழ்வார் என்பது எதிலும் இல்லை. இருந்திருந்தாலும் நான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருப்பேனோ என்னவோ.

ஆடி கடைசி நாள் வேலை நாளாக இருந்தது. பக்கத்து ஊர் அமைப்பாளர் வேலைக்கு மனு வாங்குவது முடிந்து, வேறொருவரைப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைச் சொல்வதற்காக இல்லை, வேறெதற்கு என்றும் தெரியாமல், காலை பதினொன்றரைக்கு அவருக்கு ஃபோன் செய்தேன். எடுத்தார். பின்னால் பாத்திரச் சத்தமும் குக்கர் விசிலும் கேட்டன.

"சொல்லுங்க டீச்சர்."

மகள் வந்து போகிறாளா என்று கேட்கலாம். கேட்டால் நல்லாருக்கா டீச்சர் என்பார். அது எதையும் எனக்குச் சொல்லாது. நான் கேட்கவில்லை.

"சாப்டீகளா டீச்சர்?" என்றார்.

"சாப்பிட்டேன்," என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

"சரி டீச்சர், பருப்பு எறக்கணும். பிள்ளைக மணி அடிச்சதும் வந்துரும். வைக்கட்டுமா?"

வைங்க என்றேன். அவர் வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கரண்டியின் சத்தம் வந்துகொண்டிருந்தது, பிறகு தானாக நின்றது.